தோட்டத்துக்கு வெளிநாட்டுத் திட்டம் வருதென்றால் முதலில் என்ன செய்வது?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெளிநாட்டு உதவித் திட்டங்களுக்குப் பதினெட்டு வருசம் கள உத்தியோகத்தராக வேலை பார்த்தேன். பொகவந்தலாவையில் ஆரம்பித்து, யுத்தம் முடிந்த கையோடு இரண்டு வருசம் கிளிநொச்சி, பிறகு மறுபடி மஸ்கெலியா. காசு கொடுக்கும் நாடு மாறும். ஜீப் வந்து நிற்பதும், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வீட்டில் பிளேன்டீ ஊற்றுவதும், பின்னேரத்துக்குள் பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று கேட்பதும் மாறவே மாறாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

அந்தப் பட்டியலை அன்றைக்கே கொடுக்காதீர்கள். ஒரு கிழமை தவணை கேளுங்கள். தலைவர் தருவது சங்கத்துப் பட்டியல், தோட்ட ஒபிஸில் தருவது செக்ரோல், அதாவது வேலைக்கு வருகிறவர்களின் பேரேடு. பென்சன் போனவர்கள், கொழும்பில் கடையில் நிற்கும் பையன்கள், புருசன் செத்தபின் பேர் வெட்டுப்பட்ட பொம்பிளைகள் இரண்டிலும் இருக்கமாட்டார்கள். கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு, லயம் லயமாக நீங்களே நடங்கள். காம்பராவை (அறையை) எண்ணாமல் அடுப்பை எண்ணுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மாமியார் அடுப்பு உள்ளே, மருமகள் அடுப்பு முன் திண்ணையான இஸ்தோப்பில், தகரம் இறக்கிய கோடியில் மூன்றாவது அடுப்பு. ஒபிஸ் கணக்கில் அது ஒரு வீடு. எழுதியதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டிவிட்டு மூன்று நாள் பொறுங்கள். சண்டை வரத்தான் செய்யும். கட்டிடம் எழும்பிய பிறகு வரும் சண்டையோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை.

அடுத்தது பக்கத்து ஊர். இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு தோட்டத்தில் தண்ணீர்த் திட்டம். மேல்மலையில் ஊற்று, அதற்குக் கீழே தொட்டி, அங்கிருந்து நாலு லயத்துக்குக் குழாய். திறப்பு விழாவுக்கு வெளிநாட்டுக்காரர் வந்தார், ரிப்பன் வெட்டினார். மூன்றாவது கிழமை குழாயை இரண்டு இடத்தில் யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். “நாட்டாளுங்க வேலை புள்ள, எண்பத்துமூணுலயும் இப்படித்தான்” என்றார் தலைவர், கீழே உள்ள சிங்களக் கிராமத்தாரையும் 83 கலவரத்தையும் மனதில் வைத்து. எனக்கும் அந்த எண்ணம்தான் ஓடியது. ஆனாலும் கீழே இறங்கிப் போனேன்.

சிங்களக் கிராமத்து எல்லையில் தண்ணீர் விழும் ஒரு பீலி. மூங்கில் தகடு வெடித்துக் கிடந்தது, அடியில் காய்ந்த சேறு. ஒரு நடுத்தர வயது அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அபிட வத்துர எபாத, நங்கி?” என்றார். எங்களுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்கிறார். ஊற்றில் மிஞ்சி வழிந்த தண்ணீர்தான் அத்தனை வருசமும் அவர்களுக்குப் போயிருக்கிறது. எங்கள் தொட்டி அதை மொத்தமாக மறித்துவிட்டது.

தொட்டியிலிருந்து கீழே ஒரு குழாய் இறக்கினால் முடிகிற வேலை. ஆனால் திட்டத்தில் ‘பயனாளிகள்: தமிழ்த் தோட்டத் தொழிலாளர்’ என்று எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியால், கிராமத்துக்குச் செலவழிக்க அனுமதி வாங்க நாலு மாதம் ஆனது. அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாத் திட்டத்திலும் ‘இந்த ஊற்றுத் தண்ணீரைப் பாவிக்கும் குடும்பங்கள்’ என்றுதான் எழுதினேன். இனத்தை வைத்துப் பயனாளியைப் பிரிக்காமல் தண்ணீரை, பாதையை, பள்ளிக்கூடத்தை வைத்துப் பிரியுங்கள். கூட்டத்துக்குக் கீழ்க்கிராமத்து மரண உதவிச் சங்கத்தாரையும் பன்சலை ஹாமுதுருவையும் (விகாரைப் பிக்குவையும்) முதல் நாளிலிருந்தே கூப்பிடுங்கள். விளம்பரப் பலகையில் தமிழும் சிங்களமும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். எங்கள் பலகையில் இங்கிலீசும் ஒரு கொடியும்தான் இருந்தது.

இது சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். மகாவலி ஆற்று அணைத் திட்டத்தில் கொத்மலைக்குச் சுவீடன், விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, ரந்தெனிகலவுக்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என்று காசு கொட்டின. அணை கட்டியவர்களுக்கு அது மின்சாரமும் நெல்லும். எந்த நிலத்தில் எந்த இனத்தைக் குடியேற்றுவது என்பது இன்றைக்கும் தீராத பிணக்கு. இலங்கைக்கு உதவி தரும் நாடுகள் 2003இல் டோக்கியோ மாநாட்டில் 450 கோடி டொலர் தருவதாகச் சொல்லி, சமாதானப் பேச்சு முன்னேறினால்தான் என்று நிபந்தனையும் போட்டார்கள். அந்தக் காசால் யுத்தத்தை நிறுத்த முடியவில்லை.

வீட்டுத் திட்டமென்றால் காசைவிட நிலம் முக்கியம். இந்தியா 50,000 வீட்டுத் திட்டத்தில் 4,000 வீட்டை மலையகத்துக்கு ஒதுக்கியது, 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி இன்னும் 10,000 அறிவித்தார். ஆனால் தோட்டக் காணி அரசாங்கத்தினுடையது. 1992க்குப் பிறகு அதை நடத்துவது கம்பனி. கம்பனி காணியை விடுவித்த கடிதமும், மண்சரிவு ஆபத்தில்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தந்த அறிக்கையும் கையில் இல்லாமல் அத்திவாரம் வெட்ட விடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நாம் அறிக்கை கேட்க வெட்கப்படக்கூடாது. வீட்டுக் காணியின் உறுதிப் பத்திரத்தில் புருசன் பெண்சாதி இரண்டு பேர் பெயரும் வேண்டும்.

உறுதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கிளிநொச்சியில் பார்த்தேன். 77, 83 கலவரங்களில் இங்கிருந்து அடிபட்டு ஓடிப்போன நம் ஆட்கள் அங்கே காடு வெட்டிக் குடியிருந்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு வீட்டுத் திட்டம் வந்தபோது காணிப் பத்திரம் கேட்டார்கள். ஒரு கிழவர் உரப்பையில் சுற்றி வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். அவர் 1976இல் தோட்டத்தில் பேர் பதிந்த துண்டுச்சீட்டு அது.

திட்டத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தகவல் உத்தியோகத்தர் சொல்ல வேண்டும். வெளிநாட்டு அரசுக் காசில் பெரும்பாலும் நடக்கும், பொதுமக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனத்தையும் அந்தச் சேவை சம்பந்தமாகக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மொத்தக் காசு எவ்வளவு, சம்பளத்துக்கும் வாகனத்துக்கும் எவ்வளவு, பயனாளியை எப்படித் தெரிந்தெடுத்தார்கள்: இந்த மூன்றையும் கேளுங்கள். கடிதம் கையேற்றதற்குச் சீட்டு வாங்க மறக்கவேண்டாம்.

கடைசியாக, ஜீப் திரும்பிப் போன பிறகு பராமரிப்பு யார் கையில்? 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும்வரை தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க வழியே இல்லை. இப்போது இருக்கிறது. கையளிப்பு நாளில் சபையிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போடட்டும். வால்வு திறக்கும் சாவி தலைவர் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தொட்டிக்கு இரண்டு சாவி அடித்தோம். ஒன்று மாதர் சங்கத் தலைவியிடம், மற்றது கீழே அந்தக் குடத்து அம்மாவிடம்.