மலையேறும் முன் டயரைத் தடவிப் பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஆழியாற்றைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்தச் சாலை முழுதாகக் காய்வதே அரிது. மழையில் எப்படி ஓட்டுவது என்று கேட்பவர்கள் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் டயரிலிருந்துதான் தொடங்குவேன்.

ஒரு ஜூலை மாதக் காலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். வேகம் 30 கிலோமீட்டர்கூட இல்லை. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி திரும்பாமல் நேராகவே வழுக்கிப் போனது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பின் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். இறங்கிப் பார்த்தால் முன் டயரில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் மேடு பள்ள வரிகள், நன்றாகத்தான் தெரிந்தது. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு உள்விளிம்பைத் தடவினேன். அங்கே பட்டனே இல்லை, கண்ணாடிபோல் வழுவழுத்தது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டு, உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. வாரக்கணக்கில் நின்றபடியே வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவந்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன்: ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, முன் டயரின் அகலம் முழுவதையும் விரலால் தடவுங்கள். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். சட்டம் அதுவரை விடுகிறது, நான் விடமாட்டேன். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவேன். டயருக்கும் சாலைக்கும் இடையில் புகும் தண்ணீர் வெளியேற அந்தப் பள்ளங்களை விட்டால் வேறு வழி கிடையாது. ஒரு சக்கரம் தரையைத் தொடும் இடமோ ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்தான்.

பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். பழைய ரப்பர் இறுகிவிடும். பட்டன் இருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது. இரண்டே டயர் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காற்று குறைந்த டயரைத் தண்ணீர் சாலையிலிருந்து இன்னும் எளிதாகத் தூக்கிவிடும். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் காற்றளவைத்தான், டயர் சூடேறும் முன் பிடிக்க வேண்டும்.

தண்ணீர் டயரைத் தூக்குவது மலையில் அல்ல, ஆழியாறு வரையுள்ள நேர்சாலையில்தான். தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடும். அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, நேராகப் பிடித்திருங்கள். டயர் மறுபடி தரையைப் பற்றுவது கையில் தெரியும்.

பருவத்தின் முதல் தூறலில்தான் சாலை மோசமாக வழுக்கும். கோடை முழுவதும் படிந்த எண்ணெயும் புழுதியும் நனைந்து பசைபோல் ஆகிவிடும். அன்றைக்கு என் இரட்டைப் பயணத்தை ஒற்றையாகக் குறைத்துக்கொள்வேன்.

வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள், பிறகு திருப்புங்கள், வெளியே வந்த பிறகே ஆக்சிலரேட்டர். டயருக்கு ஈரத்தில் இருக்கும் பிடிப்பு ஒரு நேரத்தில் ஒரு வேலைக்குத்தான் போதும். இறங்கும்போது இரண்டாம் கியர். அதற்கு மாற்றியதும் கிளட்சைச் சட்டென்று விட்டால் சக்கரம் ஒரு கணம் கட்டிக்கொண்டு வழுக்கும், மெதுவாக விடுங்கள். அவசரமாகப் பிரேக் பிடித்தால், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்தியே பிடியுங்கள்.

ஏறிவரும் பஸ்ஸுக்கு வளைவில் எப்போதும் வழி விடுங்கள். ஈரமான ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பும்போது அதன் சக்கரம் சுழன்று வழுக்கலாம். வளைவுக்குச் சற்று மேலேயே ஒதுங்கி, அது கடந்து போகும் வரை நில்லுங்கள்.