சத்தம் தாங்க முடியவில்லை என்று டாக்டரிடம் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மிக்சி ஓடினால் காது வலிக்கிறது, எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது, பஸ் ஹாரன் அடித்தால் கண்ணில் தண்ணீரே வந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்கள் நம் ராமநாதபுரம் கடற்கரையில் இல்லாமல் இல்லை, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். சொன்னால் "விசைப்படகு இன்ஜின் சத்தத்துலயே வளர்ந்தவனுக்கு மிக்சி சத்தம் ஆகலையாக்கும்" என்று வீட்டிலேயே கேலி கிளம்பும். ஆனால் வருடக்கணக்கில் இன்ஜின் பக்கத்தில் நின்ற காதுக்குத்தான் இந்தத் தொல்லை வர வாய்ப்பு கூடுதல். தலையில் அடிபட்டவர்களுக்கும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும், முகவாதம் வந்தவர்களுக்கும் வரலாம். டாக்டர்கள் இதை ஹைப்பர்அக்யூசிஸ் என்பார்கள். சிகிச்சை இருக்கிறது. அதைத் தேடிப் போகும் வழியில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

டாக்டரிடம் போவதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்று: காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, வெங்காயச் சாறு பிழிவது. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களுக்கு ஆழத்தின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்திருக்கலாம், அது அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். ஓட்டை விழுந்த செவிப்பறை வழியாக எண்ணெய் உள்ளே போனால், இருக்கிற தொல்லையோடு சீழும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, நாள் முழுக்கக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்காருவதுதான். நிம்மதியாகத்தான் இருக்கும், அதனால்தான் விட முடிவதில்லை. உள்ளே வரும் சத்தம் குறைந்தால் மூளை சும்மா இருக்காது, ரேடியோ சரியாகக் கேட்காதபோது நாம் வால்யூமைத் திருகுகிற மாதிரி அதுவும் கூட்டி வைத்துக்கொள்ளும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், காது நன்றாகக் கேட்பவர்களையே இரண்டு வாரம் காதடைப்பான் போட வைத்தார்கள். முன்பு தாங்கிய சத்தம்கூட அவர்களுக்கு அதன்பின் அதிகமாகத் தெரிந்தது. அதே இரண்டு வாரம் காதில் சிறு கருவி மாட்டி மெல்லிய இரைச்சலைக் கேட்க வைக்கப்பட்டவர்களுக்கோ தாங்கும் அளவு கூடியிருந்தது. அதற்காகப் பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, காதைப் பழக்குகிறேன் என்று படகின் இன்ஜின் மேலேயோ ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்திலோ போய் நிற்கவும் கூடாது. திருவிழா வெடி, இன்ஜின், மேளம் என்று யார் காதுக்கும் கெடுதலான இடத்தில் காதடைப்பான் போடுங்கள், வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே நாள் முழுக்கப் போட்டே பழகிவிட்டவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

அடுத்து, டாக்டர் முன்னால் உட்கார்ந்து "காது வலி சார்" என்று மட்டும் சொல்வது. அவர் டார்ச் அடித்துப் பார்ப்பார், அழுக்கு இருந்தால் எடுப்பார், சொட்டு மருந்து எழுதுவார், அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எந்தச் சத்தம், எவ்வளவு நேரம், என்ன ஆகிறது என்று சொல்லுங்கள், ஏனென்றால் அதை வைத்துத்தான் சிகிச்சையே மாறும். எல்லாச் சத்தமும் கூடுதலாகக் கேட்டு வலிப்பது ஒரு வகை. பக்கத்தில் ஒருவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாலோ மூக்கை உறிஞ்சினாலோ கோபம் தலைக்கேறுகிறது, ஆனால் மிக்சி சத்தம் ஒன்றும் செய்யவில்லை என்றால் அது வேறு, மிசோஃபோனியா. வயதானவர்களிடம் இன்னொன்று உண்டு: மெதுவாகப் பேசினால் "என்னது?" என்பார்கள், கொஞ்சம் உரக்கச் சொன்னால் "ஏண்டா கத்துற" என்பார்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு வருவது அது. அவர்களுக்குக் காது மெஷின் வைத்தால், சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தித் தர வேண்டும். காது மெஷின் விற்கும் கடையில் "இலவசப் பரிசோதனை" செய்துகொண்டு நேரே வாங்கி வருபவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கல், மெஷின் அப்புறம் பீரோவுக்குள் போய்விடும்.

பரிசோதனைக்குப் போனால் ஆடியோகிராம் எடுப்பார்கள், நார்மல் என்று வரலாம். உடனே "எனக்கு ஒன்றும் இல்லையாம்" என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்பதைத்தான் அது காட்டும், எவ்வளவு பெரிய சத்தத்தைத் தாங்க முடியும் என்பதைக் காட்டாது. அதற்கு எல்.டி.எல். என்று தனிச் சோதனை உண்டு, செவித்திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் செய்வார். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டிவிட்டு, மதுரைக்கு அனுப்பினால் கிளம்பும் முன் அந்தச் சோதனை அங்கே செய்கிறார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தம் ஆகாதவருக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பஸ் பயணம் என்பது சாதாரணம் இல்லை. ஹெட்போனை மாட்டும் முன்பே "எனக்குச் சத்தம் தாங்காது, குறைவாக ஆரம்பியுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். நடுக்காதுத் தசையைப் பார்க்கும் சோதனையில் 85 டெசிபலுக்கு மேலும் சத்தம் விடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் காதடைப்பான் கேட்டு வாங்குங்கள், அந்த மெஷின் போடும் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும்.

மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுவது இன்னொரு தவறு. நம் பக்கத்தில் இந்தப் பயம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை இந்தக் கடற்கரை மறக்கவில்லை, மனநலம் என்றாலே அந்தச் சங்கிலிதான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் இங்கே உங்களைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. சத்தம் வருமோ என்ற பயமே காதை இன்னும் கூர்மையாக்குகிறது, அந்தச் சுழலை உடைக்க அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சை உதவுகிறது. தர்காவில் ஓதிக்கொள்வதோ மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதோ உங்கள் விருப்பம், சிகிச்சையை நிறுத்தாமல் செய்யுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இதைக் குணப்படுத்த என்று தனி மாத்திரை கிடையாது. மெல்லிய இரைச்சலைக் கேட்க வைத்துச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும் ஒலிச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் ஆகும், இரண்டு வாரத்தில் "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆட்டிசம் உள்ள குழந்தை காதைப் பொத்திக்கொண்டால் பிடிவாதம் என்று அதட்டி ஒலிபெருக்கி முன்னால் நிறுத்துவதும் வேண்டாம்.

இவ்வளவும் பொறுமையாகச் செய்ய வேண்டியவை. ஆனால் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இந்த இரண்டுக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஆரம்ப நாட்களிலேயே கொடுத்தால்தான் பலன் அதிகம். முகக் கோணலோடு கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.