காஸ்பல் ஆர்கனில் கார்டுக் குறியீடும் வாய்சிங்கும்

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் பல, 1935இல் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் ஆர்கனை வாங்கின. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல் இசையில் அதற்கென்று தனி வாசிப்பு முறையே உருவானது. அதைக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் திணறுவது, தாளில் உள்ள கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின்) பெயரை எந்தக் கட்டைகளில் பிடிப்பது என்பதில்தான்; இதைத்தான் வாய்சிங் என்கிறார்கள்.

‘சி / ஈ’ என்று எழுதியிருந்தால், வலக்கையில் சி மேஜர், பேஸில் (இடக்கை வாசிக்கும் அடிச்சுரத்தில்) ஈ என்று பொருள். சில காஸ்பல் பாடக்குறிப்புகளில் இடக்கையின் சுரத்தை முன்னே எழுதும் வழக்கமும் உண்டு; ஆகையால் கோட்டின் எந்தப் பக்கத்தில் ஒற்றைச் சுரம் நிற்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பியானோவின் ஒலி மெல்லத் தேய்ந்து மறையும். ஆர்கனில் கட்டையை விடும்வரை ஒலி அப்படியே நிற்கும். அதனால் கார்டுக்குப் பெயர் தரும் மூலசுரத்தை, பேஸ் வாசிக்கும்போதே வலக்கையும் வாசித்தால் கார்டு கனத்துப்போகிறது. டி மைனர் 9 (எண், மூலசுரத்திலிருந்து எண்ணிச் சேர்க்கும் மேல்சுரத்தைக் குறிக்கும்) என்பதற்குப் பேஸில் டி, வலக்கையில் எஃப், ஏ, சி, ஈ போதும். அடுத்து வரும் ஜி 13க்குப் பேஸ் ஜிக்குப் போக, வலக்கையில் சி மட்டும் அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது. மற்ற மூன்று விரல்களும் அசைவதே இல்லை. அங்கிருந்து சி மேஜர் 9க்கு பி நிலைத்து நிற்க, ஏனையவை ஒவ்வொரு படி இறங்கி ஈ, ஜி, பி, டி என அமைகின்றன. காஸ்பல் வாய்சிங்கின் அழகு பெரிய கார்டுகளில் இல்லை, இந்தச் சிறு நகர்வுகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தேவாலய வாசிப்பில் அடிக்கடி கேட்கும் ஏற்றம் ஒன்றும் இதே கணக்குதான். எஃப் 7க்கு வலக்கையில் ஏ, சி, ஈ ஃபிளாட் பிடித்து, பேஸை மட்டும் எஃப் ஷார்ப்புக்கு ஏற்றினால் டிமினிஷ்ட் கார்டு கிடைக்கும். பேஸ் ஜிக்கு ஏறும்போது வலக்கை ஜி, சி, ஈ என்று விரியும்.

பாடுபவர் எந்தச் சுருதியில் தொடங்குவார் என்று சொல்ல முடியாததால், மூலசுரம் சுருதியின் எத்தனையாவது சுரம் என்பதை வைத்து இவற்றை இரண்டு, ஐந்து, ஒன்று (சி சுருதியில் டி, ஜி, சி) என எண்களாக நினைவில் வைப்பது வழக்கம். ஏ ஃபிளாட் சுருதியில், டி மைனர் 9இல் தொடங்கிய அந்த முதல் வரிசையை வாசித்தால், இரண்டிலிருந்து ஐந்துக்குப் போகையில் இறங்குவது அதே விரல்தான்: ஏ ஃபிளாட்டிலிருந்து ஜிக்கு.