பங்குனி ஆமையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

தை பிறந்ததும் சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரத் தொடங்குகின்றன. ஆலிவ் ரிட்லி என்று உயிரியலாளர் குறிப்பிடும் இந்த ஆமையை, அது கரையேறும் பருவத்தை ஒட்டி நம் கரையோர மக்கள் மாதத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள். ஓட்டின் நீளம் இரண்டடிக்குச் சற்று மேல் இருக்கும். எடை 35 முதல் 45 கிலோ வரை. பெருநகரத்தின் விளக்கொளிக்கு நடுவே இப்படியொரு காட்டுயிர் கரையேறுவதைப் பார்க்க விரும்புவது இயல்பே. ஆனால் அந்த ஆசையோடு கரைக்கு வருகிறவர்களால்தான் அது முட்டையிடாமல் திரும்பிப்போவதும் நேர்கிறது என்பதால், போவதற்கு முன் சிலவற்றை அறிந்துகொள்வது நல்லது.

முதல்முறை தனியாகப் போக வேண்டாம். 1970களின் தொடக்கத்தில் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர், கடலாமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் போன்றோர் இந்தக் கரையில் இரவு நடந்து ஆமைக்கூடுகளைத் தேடினார்கள். 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நடையைத் தொடர்ந்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பருவம் முழுவதும் நடத்திவருகிறது. பொதுமக்களும் அவர்களோடு நடக்கலாம். நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியலுக்குச் சற்று முன் முடியும் நடை அது. ஓர் ஆமையைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பும் இரவுகளும் உண்டு என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

கருநிற உடை அணியுங்கள். டார்ச்சையும் கைபேசி வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள். பத்து நிமிடம் பொறுத்தால் கண் இருளுக்குப் பழகி, நட்சத்திர ஒளியிலேயே மணல் தெரியும். விளக்கு கட்டாயம் வேண்டுமென்றால் ஆமையின் கண்ணை அதிகம் உறுத்தாத சிவப்பு ஒளி கொள்ளத்தக்கது. ஃபிளாஷ் எந்த நிலையிலும் கூடாது. ஈர மணலும் உலர்ந்த மணலும் சந்திக்கும் கோட்டை ஒட்டி நடங்கள். ஆமை மேலேறிய தடம் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டும். ஒரு சிறிய டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல, இருபுறமும் துடுப்புக் கால்கள் மாறிமாறி உந்திய பள்ளங்களோடு அது இருக்கும். இரண்டு தடங்கள் தெரிந்தால் ஆமை ஏறி இறங்கிவிட்டது என்று பொருள். ஒரே தடம் என்றால் அது இன்னும் மேலேதான் இருக்கிறது. அங்கேயே நின்று, பேச்சை நிறுத்திவிட்டு, மணலில் உட்கார்ந்துவிடுங்கள்.

இடம் தேடும்போதும் குழி தோண்டும்போதும் அதற்கு அச்சம் மிகுதி. அருகில் அசைவைக் கண்டால் பாதிக் குழியை அப்படியே விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கிய பிறகு அதன் கவனம் வேறெங்கும் போவதில்லை. அப்போது பின்புறமாக, தாழ்ந்து, மெல்ல நெருங்கிப் பார்க்கலாம். பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்தில் குடுவைபோலத் தோண்டிய குழிக்குள் மேசைப்பந்தைப் போன்ற வெண்ணிற முட்டைகள் நூறுக்கு மேலும் விழும். கண்ணில் வழியும் நீரைப் பார்த்து அது அழுவதாகச் சிலர் உருகுவார்கள்; உடலில் சேர்ந்த மிகையான உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது. குழியை மணலால் மூடி, உடலை இருபுறமும் ஆட்டித் தட்டிச் சமன்செய்து, அது கடலை நோக்கித் திரும்பும்போது முன்னால் போய் நிற்காதீர்கள்.

கூட்டைத் தோண்டிப் பார்ப்பதுதான் நல்ல மனத்தோடு செய்யப்படும் பெரும் தீங்கு. இட்ட சில மணி நேரத்துக்குள் கரு முட்டையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துபோகும். நாய்களுக்கும் திருடர்களுக்கும் பயந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவது உண்டுதான். ஆனால் அது அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்யும் வேலை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமை இருப்பதால், ஒரு முட்டையை எடுத்தாலும் குற்றமே. ஆகவே இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, வனத்துறைக்கோ அப்பகுதித் தன்னார்வலர்களுக்கோ உடனே சொல்லுங்கள்.

நடையில் உயிருள்ள ஆமையைவிட இறந்த ஆமையையே முதலில் காண நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் இந்த உயிர், இழுவை வலைக்குள் மேலே வரமுடியாமல் சிக்கினால் மூழ்கி இறந்துவிடுகிறது. இறந்ததைத் தொடாமல், படமும் இடமும் குறித்துத் தெரிவியுங்கள். உயிரோடு துவண்டு கிடந்தால் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள். நீந்த வலுவில்லாதது அங்கே மூழ்கிவிடும். நிழலில் வைத்து, மூக்கை மறைக்காமல் ஓட்டின் மேல் ஈரத்துணி போட்டு, உதவி வரும்வரை கூட்டத்தை விலக்குவதே போதும்.

கூடு பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும். மணலின் சூடுதான் குஞ்சின் பாலினத்தை முடிவுசெய்கிறது: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். மணல் குளிரும் இரவில் அவை மொத்தமாக மேலே வந்து, தொடுவானில் வெளிச்சமான பக்கத்தை நோக்கி ஓடுகின்றன. இயற்கையான கரையில் அது கடல். நம் கரையிலோ தெருவிளக்கு. சாலைப்பக்கம் திரும்பிய குஞ்சுகளைக் கண்டால், ஈர மணல் பரப்பிய பெட்டியில் எடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். கடலிலிருந்து சில அடி தள்ளி, இருண்ட இடத்தில் விட்டு, அவை தாமாகவே ஊர்ந்துபோக விடுங்கள். அலையில் தூக்கி வீசுவது உதவி ஆகாது. வழியில் உள்ள பள்ளங்களை மூடுவதும் நாய்களை விரட்டுவதும் உங்கள் வேலை.

கடலைப் பார்த்த வீடோ விடுதியோ வைத்திருப்பவர்களால் ஆகக்கூடியது, நடந்து தேடுகிறவர்களால் ஆவதைவிட அதிகம் என்பது என் கருத்து. ஜனவரி முதல் மே வரை, இரவில் கடல்பக்க விளக்குகளை அணைத்துவிடலாம்; முடியாதென்றால் கீழ்நோக்கிய மூடியும் மங்கிய மஞ்சள் விளக்கும் பொருத்தி, சன்னலுக்குத் திரை இடலாம். அது போதுமா என்று அறிய, நிலவில்லாத ஓர் இரவில் மணலில் இறங்கி, வீட்டுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். உங்கள் நிழல் மணலில் விழுந்தால், இன்னும் ஒரு விளக்கை அணைக்க வேண்டியிருக்கிறது.