இத்தாலியச் சொல்லின் வாலைக் கவனியுங்கள்

பலெர்மோவில் வந்து இறங்கியவுடன் அகராதியை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். தெருவில் நடந்து, கடைப் பலகைகளில் சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘-எரியா’ என்று முடிந்தால் பெரும்பாலும் அது கடை. பானே என்றால் பாண், பனெத்தெரியா பாண் விற்கும் கடை. பெஷ்ஷே மீன், பெஸ்கெரியா மீன்கடை. லிப்ரெரியாவில் புத்தகம் விலைக்குத்தான் கிடைக்கும். இரவல் வாங்க நூலகமான பிப்லியொதேக்காவுக்குப் போக வேண்டும். லிப்ரெரியாவை ‘லைப்ரரி’ என்று நினைத்து, ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

தபக்கெரியாவை மட்டும் மறக்காதீர்கள். பெயருக்குப் புகையிலைக் கடை. ஆனால் பஸ் டிக்கெட்டும், பெர்மெஸ்ஸோ என்ற வசிப்பிட அனுமதி விண்ணப்பத்துக்கு வேண்டிய 16 யூரோ முத்திரையான மார்க்கா தா போல்லோவும் அங்கேதான் கிடைக்கும். வாசலில் பெரிய ‘T’ எழுத்துப் பலகை தொங்கும்.

நம் ‘-காரர்’ செய்யும் வேலையை இங்கே ‘-ஆயோ’ செய்கிறது: இறைச்சிக் கடைக்காரர் மச்செல்லாயோ, பாண் சுடுபவர் ஃபொர்னாயோ. ‘-இஸ்தா’வும் தொழிலைத்தான் சொல்கிறது. ‘ஆ’வில் முடிகிறதே என்று, காப்பிக் கடையில் காப்பி போட்டுத் தரும் பாரிஸ்தாவைப் பெண்ணாக்கிவிட வேண்டாம், ஒருமையில் இருபாலருக்கும் அதே சொல்தான். வேலை தேடுபவர்கள் ‘-அந்தே’யையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பதாரே என்றால் கவனித்துக்கொள்வது. பதாந்தே, வீட்டோடு இருந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர். வேலை விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் இது.

‘-இனோ’ சிறிதாக்கும், ‘-ஓனே’ பெரிதாக்கும். ஃபினெஸ்த்ரா வீட்டு ஜன்னல், ஃபினெஸ்த்ரினோ பஸ், ரயில் ஜன்னல். போர்த்தா கதவு, போர்த்தோனே அடுக்குமாடியின் தெருவாசல் பெருங்கதவு. அதை மூடிவிட்டுப் போகும்படி தாள் ஒட்டியிருப்பார்கள், படித்துவிடுங்கள். பெண்பாலான போர்த்தா, போர்த்தோனே ஆனதும் ஆண்பாலாகிவிடுகிறது. இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது. ஆனால் எல்லா ‘-ஓனே’யும் பெரிதல்ல. மாத்தோ என்றால் பைத்தியக்காரன். மத்தோனே பெரிய பைத்தியக்காரன் அல்ல, வெறும் செங்கல்.

ஆகவே, கேட்ட சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நீங்களாக ஒட்டிப் புதுச்சொல் செய்ய அவசரப்படாதீர்கள். காசா என்றால் வீடு. சின்ன வீடுதானே என்று ‘-இனோ’வைச் சேர்த்துக் கசீனோ என்றால், பேச்சுவழக்கில் அது பெருங்குழப்பம், பழைய பொருளில் விலைமாதர் விடுதி. வாடகைக்கு இடம் கேட்கும்போது கசெத்தா என்றே சொல்லுங்கள்.