'பொம்மை வீடு' நாடகத்தை அதன் ரகசியத்தின் வழியே வாசிப்பது எப்படி?

நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு' 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் நூலாக வெளிவந்து, அதே மாதம் 21ஆம் தேதி அந்நகரின் ராயல் தியேட்டரில் முதன்முறையாக மேடையேறியது. மனைவி வீட்டைவிட்டு வெளியேறும் நாடகம் என்ற செய்தி நூலுக்கு முன்பே நம்மை வந்தடைந்துவிடுவதால், நம்மில் பலர் கடைசிக் கதவு சாத்தப்படும் ஓசைக்காகக் காத்துக்கொண்டே முதல் இரண்டு அங்கங்களையும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அந்த ஓசைக்குப் பொருள் தருவதே அந்த இரண்டு அங்கங்கள்தான். ஆகவே முதல் வாசிப்பில் அந்த மனைவி நோராவின் ரகசியத்தை, அதாவது கணவனுக்குத் தெரியாமல் அவள் வாங்கிய கடனை மட்டும் பின்தொடருங்கள்.

கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் அந்தக் கடனைப் பற்றி அவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும் என்பதை ஓரத்தில் குறியுங்கள். கடன் கொடுத்த குரோக்ஸ்டாடுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். தோழி கிறிஸ்டினாவிடம் முதல் அங்கத்தில் நோராவே சொல்கிறாள், ஆனால் யாரிடம் வாங்கினாள் என்பதை அப்போது மறைக்கிறாள். குடும்ப நண்பர் டாக்டர் ராங்க்குக்குக் கடைசிவரை தெரியாது. கணவன் ஹெல்மர் அறியும்போது நாடகம் முடியும் தறுவாயில் இருக்கிறது. கிறிஸ்துமஸை ஒட்டிய மூன்றே நாள்களில் நடக்கும் கதையில் பதற்றம் எங்கிருந்து பிறக்கிறது என்பது இந்தக் குறிப்புகளைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

அடுத்து, பணத்தையும் சட்டத்தையும் நிதானமாகப் பாருங்கள். நோயுற்ற கணவனின் உயிரைக் காக்க இத்தாலிப் பயணம் தேவைப்பட்டபோது நோரா வாங்கிய கடன் நார்வேயின் பழைய நாணயத்தில் 1200 ஸ்பெஷிதாலர், அதாவது 4800 குரோனர். கணவனின் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்று கிறிஸ்டினாவே அவளுக்கு நினைவூட்டுகிறாள். ஜாமீனுக்காகத் தந்தையின் கையெழுத்தை நோரா தானே போட்டுவிடுகிறாள். தந்தை இறந்தது செப்டம்பர் 29, பத்திரத்தில் உள்ள தேதியோ அக்டோபர் 2. நார்வேயில் மணமான பெண்ணுக்குத் தன் சம்பாத்தியத்தின் மீது உரிமை தந்த சட்டம் 1888இல்தான் வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்தப் பொய்க் கையெழுத்தை அவளுடைய குணக்குறையாக மட்டும் பார்க்க முடியாது. நேர்வழிகள் அனைத்தும் அடைக்கப்பட்ட ஒருத்திக்கு எஞ்சியிருந்த வழி எது என்ற கேள்வியும் எழும்.

முதல் அங்கத்தில் நான் மிக முக்கியமாகக் கருதும் இடம் ஒன்று உண்டு. அங்கே கட்டாயம் நின்று வாசியுங்கள். முந்தைய குளிர்காலத்தில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இரவு வெகுநேரம் எழுத்துப்படி எடுக்கும் வேலை செய்து பணம் ஈட்டியதைத் தோழியிடம் சொல்லும் நோரா, களைப்பாக இருந்தாலும் அது ஏறக்குறைய ஓர் ஆணாக இருப்பதைப் போன்ற மகிழ்ச்சியைத் தந்தது என்கிறாள். வானம்பாடி, அணில் என்று கணவன் கொஞ்சும் இவள், தின்பதற்கு அவன் தடைவிதித்திருக்கும் மக்ரூன் இனிப்புகளை ஒளித்துவைத்துத் தின்னும் இவள், தன்னை முதிர்ந்த மனுஷியாக உணர்ந்த ஒரே இடம் இந்த ரகசியம்தான். அது வெளிப்பட்டால் குடும்பம் உடையும் என்று அவள் அஞ்சுகிறாள் என்பது உண்மை. ஆயினும் அது அவளுடைய பெருமையும்கூட என்பதைத் தவறவிட்டால் மூன்றாம் அங்கத்தில் அவள் கொள்ளும் ஏமாற்றத்தின் ஆழம் பிடிபடாது.

இரண்டாம் அங்கத்தில் பொருள்களைக் கவனியுங்கள். அலங்காரம் கலைந்து நிற்கும் கிறிஸ்துமஸ் மரம், கடனை வெளிப்படுத்தும் குரோக்ஸ்டாடின் கடிதம் விழுந்துகிடக்கும், ஹெல்மர் மட்டுமே சாவி வைத்திருக்கும் கடிதப்பெட்டி, அவன் அதைத் திறக்காதிருக்க நோரா வெறியோடு ஆடிக்காட்டும் டாரன்டெல்லா நடனம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ராங்க்கிடம் உதவி கேட்க அவள் நெருங்கும் காட்சி இன்னும் நுட்பமானது. அவன் தன் காதலைச் சொன்ன மறுகணம், விளக்கைக் கொண்டுவரச் செய்துவிட்டு உதவி கேட்பதையே அவள் கைவிடுகிறாள்.

மூன்றாம் அங்கத்தில் குரோக்ஸ்டாடின் அந்த முதல் கடிதத்துக்கும், கடன் பத்திரத்தைத் திருப்பித்தரும் அவனது இரண்டாம் கடிதத்துக்கும் இடைப்பட்ட வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். பழியைத் தன் கணவன் தன் தலைமேல் ஏற்பான் என்ற அற்புதத்தை நோரா எதிர்பார்த்திருந்தாள். அவனோ அவளைப் பொய்க்காரி, குற்றவாளி என்று ஏசி, பிள்ளைகளை வளர்க்கும் தகுதியும் அவளுக்கு இல்லை என்கிறான். பத்திரம் திரும்பி வந்ததும் தான் காப்பாற்றப்பட்டதாக அவன் கூவ, 'நான்?' என்று நோரா கேட்க, 'நீயும்தான்' என்று பதில் வருகிறது. என் கணிப்பில் அந்த மணவாழ்க்கை முடிவது இந்தச் சிறு கேள்வியில்தான். எட்டு ஆண்டு மணவாழ்வில் முதன்முறையாக இருவரும் மேசையின் எதிரெதிரே அமர்ந்து பேசும் காட்சி அதன் பிறகே வருகிறது.

கிறிஸ்டினாவையும் குரோக்ஸ்டாடையும் துணைக்கதையாக ஒதுக்கிவிடாதீர்கள். தாய்க்காகவும் தம்பிகளுக்காகவும் அன்பில்லாத திருமணம் செய்துகொண்டவள் அவள். கடிதத்தைத் திரும்பப் பெற அவன் முன்வந்தும் வேண்டாம் என்று தடுத்து, உண்மை வெளிவரட்டும் என்று முடிவெடுப்பவளும் அவளே. அது சரியா என்று விவாதிப்பதற்குத் தனியாக ஒரு மாலை தேவைப்படும்.

கட்டுரை எழுதுவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளலாம். பிள்ளைகளின் அறைவாசலில் நோரா தளர்ந்து அமர்ந்துவிடும் மாற்று முடிவொன்றை ஜெர்மன் மேடைக்காக இப்சனே எழுத நேர்ந்தது. அதை நாடகத்துக்கு இழைக்கப்பட்ட காட்டுமிராண்டித்தனமான வன்முறை என்றும் அவரே கண்டித்தார். 1898இல் நார்வே பெண்கள் சங்க விருந்தில் பேசியபோது, தான் எழுதியது பொதுவான மனிதப் பிரச்சினை பற்றியே என்றார். இந்தக் கூற்றைக் கொண்டு நாடகத்திலுள்ள பெண்ணின் குரலை மழுங்கடிக்க வேண்டியதில்லை; மனிதப் பிறவியாக இருப்பதே தன் முதல் கடமை என்று நோராவும் ஹெல்மரிடம் சொல்கிறாள்.

இறுதியாக, கதவு சாத்தப்படுவதற்கு முந்தைய வரிக்குத் திரும்புங்கள். தனியே நிற்கும் ஹெல்மரின் வாயில் நோரா சொன்ன அற்புதம் என்ற சொல் வந்து நிற்கிறது. அந்தக் கணத்தில் அவனுக்கு என்ன புரிந்திருக்கிறது என்பதை, மற்றவர்களுக்குக் குறித்ததைப் போலவே, ஓரத்தில் எழுதிவையுங்கள்.