இம்ப்ளான்ட்டை ஊருக்கு மறைக்கலாம், டாக்டருக்கு மறைக்கக் கூடாது

மார்பகத்தில் இம்ப்ளான்ட், அதாவது சிலிக்கான் ஜெல்லோ உப்பு நீரோ நிரப்பிய பை, வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம், கேன்சரில் மார்பகத்தை எடுத்தவர்களுக்கு அது தேவையாகவும் இருக்கலாம், இதில் ஊர் நியாயம் பேச ஒன்றுமில்லை. ஆனால் அஞ்சு ரோட்டில் நடந்தது அஸ்தம்பட்டிக்குத் தெரிய அரை மணி நேரம் போதும் என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், அதனால் பலர் கோயம்புத்தூரோ பெங்களூருவோ போய் சத்தமில்லாமல் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். அது சரி. தவறுகள் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கின்றன, பாதிக்கு மேல் இப்படி மறைப்பதால் வருபவை.

முதலில் அந்த அட்டை. கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், அளவு எல்லாம் போட்டு ஒரு சின்ன அட்டை தருவார்கள். யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று பில்லோடு சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 2019 ஜூலையில் அல்லர்கன் கம்பெனி தன் பயோசெல் வகை, மேற்பரப்பு சொரசொரப்பான இம்ப்ளான்ட்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அதற்கு முன் பிரான்ஸில் பிஐபி என்ற கம்பெனி மருத்துவத்துக்கு அனுமதியில்லாத மலிவு சிலிக்கானை நிரப்பி விற்று 2010-ல் மாட்டிக்கொண்டது. இப்படிச் செய்தி வரும்போது உங்களுக்குள் இருப்பது எது என்று சொல்ல அந்த நம்பர்தான் உண்டு, ஆபரேஷன் செய்த கிளினிக் அதற்குள் மூடியிருக்கலாம், டாக்டர் வெளிநாடு போயிருக்கலாம். போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். இன்னொன்று, திரும்பப் பெற்றார்கள் என்றதும் பயந்து ஓடிப்போய் எடுக்கவும் வேண்டாம். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் எடுக்கத் தேவையில்லை என்றுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அப்போதே சொன்னது.

வலி இல்லையே, எதற்கு ஸ்கேன்? இந்தக் கேள்விதான் பெரிய பொறி. உப்பு நீர் நிரப்பியது கிழிந்தால் சில நாளில் ஒரு பக்கம் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கான் ஜெல் அப்படியில்லை, உள்ளே கிழிந்தும் வெளியே ஒன்றும் தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்கும். அதனால்தான் ஜெல் வைத்தவர்கள் 5-6 வருஷத்தில் ஒரு அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ, அப்புறம் 2-3 வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்கிறார்கள். ஆயுளுக்கும் தாங்கும் பொருள் இல்லை இது, எடுக்கவோ மாற்றவோ வேண்டி வரலாம். பட்ஜெட் போடும்போது யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறையில் நடப்பது இன்னும் மோசம். “ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களாக்கா?” என்று டெக்னீஷியன் கேட்கும்போது பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார், இம்ப்ளான்ட் வைத்தவர் “இல்லை” என்று தலையாட்டிவிடுவார். இம்ப்ளான்ட் இருந்தால் அதைப் பின்னால் தள்ளி, மார்பகத் திசுவை முன்னால் இழுத்துக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி மறைந்துபோகலாம், அழுத்தும்போது கிழியவும் வாய்ப்பு உண்டு. கதவு சாத்தியதும் தனியாகச் சொல்லுங்கள், அது போதும்.

பல வருஷம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் நீர் கோத்திருக்கிறது என்று பத்துப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றி வரும் ஏஎல்சிஎல் என்ற லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) இப்படித்தான் தலை காட்டும், பெரும்பாலும் சொரசொரப்பு வகை வைத்தவர்களுக்கு. அரிதான நோய்தான், சாதாரண மார்பகப் புற்றுநோயும் இல்லை. அந்த நீரை ஊசியில் எடுத்துச் சோதிக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் இம்ப்ளான்ட்டையும் அதைச் சுற்றி உடம்பே உண்டாக்கும் உறையையும் எடுத்தாலே பெரும்பாலும் குணமாகிவிடும். மார்பகம் கல் மாதிரி இறுகி வலித்தால் அது வேறு, உறை சுருங்குவது. ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு அதிகம் வரும். யாரையாவது விட்டு எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒன்று: ஆபரேஷன் முடிந்த கையோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்குப் போகாமல், முதல் சில நாட்கள் கீழே சேலத்தில் தங்குங்கள். ராத்திரி காய்ச்சலோ சிவப்போ வந்தால் மலையிலிருந்து இறங்குவது லேசான காரியமில்லை. செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஹெச் அல்லது டிஎன்பி மேற்படிப்பு முடித்தவரா என்று பார்ப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சோர்வு, மூட்டுவலி, முடி கொட்டுவது, மறதி எல்லாம் இம்ப்ளான்ட் வைத்தபின் வந்ததாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். உறுதி செய்ய ஒரு டெஸ்ட் இல்லை, இம்ப்ளான்ட்டை எடுத்தபின் சரியானவர்களும் உண்டு. டாக்டர் மனப்பிரமை என்று தள்ளினால் வேறு டாக்டரைப் பாருங்கள், ஆனால் முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், பல நேரம் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.